உடம்பு யாருடையது, பேர் எந்த மொழியில்? மானிப்பாய் புத்தகத்திலிருந்து ஹெட்செட் வரை

பேராதனையில் கலைப்பீடத்துக்கும் மருத்துவபீடத்துக்கும் நடுவில் பெரிய தூரமில்லை. ஒரே கம்பஸ், ஒரே மகாவலி, ஒரே மழை. ஆனாலும் அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கத்துக்குக் கதையாகத்தான் வந்து சேரும். கொஞ்ச நாளாகக் காதில் விழுகிற கதை இது: இனி டொக்டருக்குப் படிக்கப் பிரேதம் வெட்டத் தேவையில்லையாம். கண்ணில் ஒரு ஹெட்செட்டை மாட்டினால் போதுமாம். இதயம் காற்றில் மிதந்து வரும், கையால் திருப்பலாம், வேண்டுமென்றால் உள்ளே நுழைந்து வால்வுக்குப் பக்கத்தில் நின்றும் பார்க்கலாம்.

கதை முழுக்கப் பொய்யில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் இருக்கிற கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம், மைக்ரோசொஃப்ட்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடிக்கென்று ஒரு உடற்கூற்றியல் மென்பொருள் செய்தது. 2020 இல் கொரோனா வந்து எல்லாம் மூடியபோது அந்தக் கண்ணாடிகளை மாணவர்களின் வீட்டுக்கே அனுப்பிப் படிப்பித்தார்கள். இதில் இரண்டு வகை உண்டு. வீஆர் என்றால் நம்மைச் சுற்றியிருக்கிற அறையையே மறைத்துவிட்டு வேறோர் உலகத்தைக் காட்டுவது. ஏஆர் என்றால் அறை அப்படியே இருக்கும், மேசைக்கு மேல் ஓர் எலும்புக்கூடு மட்டும் கூடுதலாக நிற்கும். எலும்பைத் தொட்டால் பக்கத்தில் அதன் பேர் எழுதி வரும்.

நாங்கள் வரலாறும் தமிழும் படிக்கிற ஆட்கள். இதயத்துக்குள் நுழைந்து பார்க்கிற வசதி எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் ஒரு கருவியைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டுவதுதான் எங்கள் வேலை. மிதக்கிற அந்த இதயத்தைப் பார்த்ததும் எங்களுக்கு இரண்டு கேள்வி வந்தது. அது யாருடைய இதயம்? பக்கத்தில் எழுதி வருகிற பேர் ஏன் இங்கிலீஷில் வருகிறது? இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம் என்று இப்போது நினைக்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

முதல் கேள்வியிலிருந்து போவோம். நவீன உடற்கூற்றியலின் தொடக்கம் என்று எல்லாரும் காட்டுகிற புத்தகம் வெசாலியஸ் எழுதியது. 1543 இல் பாசல் நகரில் அச்சானது. அதிலிருக்கிற படங்கள் அழகோ அழகு. தோல் உரித்த மனிதர்கள் மலையும் ஆறும் பின்னால் தெரிய ஸ்டைலாக நிற்பார்கள். அந்த மனிதர்களில் பலர் தூக்குமேடையிலிருந்து வந்தவர்கள். அதே 1543 இல் பாசலில் தண்டனை நிறைவேற்றப்பட்ட யாக்கோப் கார்ரர் என்ற ஒருவனின் எலும்புகளை வெசாலியஸ் கோத்து நிறுத்தினார். அந்த எலும்புக்கூடு இன்றைக்கும் பாசலில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1752 இல் ஒரு சட்டம் வந்தது: கொலைகாரனைத் தூக்கில் போட்டால் மட்டும் போதாது, அவன் உடம்பை வெட்டிப் பார்க்கவும் கொடுக்கலாம். வெட்டிப் படிப்பது, அதாவது, தண்டனையின் மிச்சப் பகுதி. ஆனால் மருத்துவப் பள்ளிகள் பெருகப் பெருகத் தூக்கில் தொங்குகிறவர்கள் போதவில்லை. புதைகுழி தோண்டித் திருடும் தொழில் ஒன்றே உருவானது. எடின்பரோவில் பர்க், ஹெயார் என்ற இரண்டு பேர் தோண்டுகிற சிரமம் எதற்கு என்று 16 பேரைக் கொன்று ரொபர்ட் நொக்ஸ் என்ற உடற்கூற்றியல் ஆசிரியருக்கு விற்றார்கள். 1828 இல் பிடிபட்டார்கள். பர்க்கைத் தூக்கில் போட்டு, அவனையும் வெட்டிப் படித்தார்கள். பிறகு 1832 இல் புதுச் சட்டம். இனிக் குற்றவாளி மட்டுமில்லை. வறியவர் இல்லங்களில் செத்து, கேட்க ஆளில்லாமல் கிடக்கிறவர்களின் உடம்பையும் எடுக்கலாம். முன்பு கொலைக்குக் கொடுத்த தண்டனையை இப்போது வறுமைக்குக் கொடுத்தார்கள் என்று அந்தக் காலத்து ஏழைகளே கோபப்பட்டார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது.

அந்தச் சட்டத்தின் நிழலில்தான் உலகத்தின் மிகப் பிரபலமான உடற்கூற்றியல் புத்தகம் வந்தது. 1858 இல் லண்டனில் வெளியான கிரேயின் அனட்டமி. எழுதியவர் ஹென்றி கிரே. மூன்று வருஷத்தில், 34 வயதுக்குள், அம்மை நோயில் செத்துப்போனார். ஆனால் எங்களுக்குப் பிடித்த ஆள் கிரே இல்லை, படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர். அதுவரை வந்த பெரும்பாலான புத்தகங்களில் படத்தில் ஒரு சின்ன எழுத்தோ இலக்கமோ இருக்கும். அது என்ன என்று அடியில் போய்த் தேட வேண்டும். கார்ட்டர் அதைத் தூக்கி எறிந்தார். எலும்பின் பேரை எலும்பின் மேலேயே எழுதினார். தசையின் நீளத்துக்கே தசையின் பேர் ஓடும். கண் ஒரு இடத்தில், விளக்கம் இன்னொரு இடத்தில் என்று அலைய வேண்டியதில்லை.

யோசித்துப் பாருங்கள், ஏஆர் கண்ணாடி செய்கிற வேலையும் இதேதான். பொருளின் மேலேயே அதன் பேரை எழுதி மிதக்கவிடுவது. 1858 இல் மையும் மரக்கட்டையும் வைத்துச் செய்ததைத்தான் இன்றைக்கு லேசரும் கெமராவும் வைத்துச் செய்கிறோம்.

கார்ட்டருக்குப் புத்தகத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரே தடவையில் 150 பவுண், அவ்வளவுதான். புத்தகம் வெளியான அதே வருஷம் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்துவிட்டார். மிச்ச உத்தியோக காலம் முழுக்க இந்தியாவிலேயே தொழுநோய், பாதத்தில் வருகிற பூஞ்சைப் புண் என்று ஆராய்ச்சி. தன் படங்கள் உலகம் முழுக்க அச்சாவதை அவர் நம்ம பக்கத்துக் கடலைப் பார்த்துக்கொண்டுதான் கேள்விப்பட்டிருப்பார்.

சரி, அது பழைய காலம், ஹெட்செட் காலத்தில் பிரேதமே இல்லையே என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1993 ஓகஸ்டில் அமெரிக்காவின் டெக்சாஸில் ஜோசப் போல் ஜெர்னிகன் என்ற 39 வயதுக் கைதிக்கு விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். கொலைக் குற்றம். உடம்பை விஞ்ஞானத்துக்குக் கொடுப்பதாக அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். எதற்காக என்ற விபரம் அந்தக் கையெழுத்தில் இல்லை. உடம்பை உறைய வைத்து, ஒரு மில்லிமீற்றர் ஒரு மில்லிமீற்றராகச் சீவி, ஒவ்வொரு சீவலையும் படம் எடுத்தார்கள். மொத்தம் 1,871 படங்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1994 இல் அவற்றை வெளியிட்டது. அடுத்த வருஷம் மேரிலாண்டைச் சேர்ந்த 59 வயதுப் பெண் ஒருவரின் உடம்பு, இன்னும் மெல்லிய சீவல்களாக. அந்தப் பெண்ணின் பேர் வெளியே வரவில்லை. கம்பியூட்டரில் திரும்புகிற, பிரிகிற, ஒளி ஊடுருவுகிற மனித உடம்புகள் எத்தனையோ இந்தத் தரவுகளை அடித்தளமாக வைத்துத்தான் கட்டப்பட்டன.

ஆக 1543 இல் தூக்குமேடையில் தொடங்கிய கதை 1993 இலும் மரண தண்டனை அறையில்தான் வந்து நிற்கிறது. நடுவில் இதைவிட மோசமானதும் நடந்தது. வியன்னாவில் எடுவார்ட் பேர்ன்கொப்ஃப் என்ற நாசிப் பேராசிரியர் தயாரித்த உடற்கூற்று அட்லஸ், வரைதலின் நுணுக்கத்துக்காக இன்றைக்கும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பெருமூச்சு விடுகிற புத்தகம். அவருடைய நிறுவனத்துக்கு நாசிக் காலத்தில் மரண தண்டனை பெற்ற குறைந்தது 1,377 பேரின் உடம்புகள் போனதாக வியன்னாப் பல்கலைக்கழகமே 1998 இல் முடிந்த விசாரணையில் சொன்னது. அந்தப் படங்களைப் பார்க்கலாமா, பார்க்கக் கூடாதா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. எங்கள் கூட்டத்துக்குள்ளேயே தீரவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. உடம்பு கொடுத்தவர்கள் கைதிகள், ஏழைகள், கேட்க நாதியற்றவர்கள். அவர்கள் உடம்பின்மேல் எழுதிய மொழியோ லத்தீன், பிறகு இங்கிலீஷ். தன் உடம்பில் எழுதியிருப்பதைத் தானே வாசிக்க முடியாத நிலை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த லத்தீன் பேர்கள் ஒன்றும் வானத்திலிருந்து விழுந்தவை இல்லை. முழங்கால் எலும்பான பட்டெல்லா என்றால் சின்னத் தட்டு. முன்கால் எலும்பான டிபியா என்றால் புல்லாங்குழல். தோள்பட்டைக்கு முன்னாலிருக்கிற கிளாவிக்கிள், சின்னச் சாவி. இடுப்பெலும்பில் தொடை எலும்பு பொருந்துகிற குழி அசெட்டபுலம், வினாகிரி வைக்கிற கிண்ணம். தசைக்குச் சொல்கிற மஸ்ஸில், சுண்டெலிக் குட்டி! தோலுக்குக் கீழே ஓடுவது சுண்டெலி மாதிரித் தெரிந்ததாம். குசினிச் சாமானும் வீட்டு எலியும்தான் விஞ்ஞானச் சொல்லாக மாறியிருக்கிறது. நம்ம வீட்டில் முழங்கால் சில்லு என்கிறோம். கெண்டைக்கால் என்கிறோம், கெண்டை மீன் மாதிரி நடுவில் பருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கியிருப்பதால். அவர்களுக்குத் தசை எலி, நமக்கு மீன். இரண்டும் ஒரே மாதிரிக் கண்தான் பார்த்துப் பேர் வைத்திருக்கிறது. ஒன்று பாடப்புத்தகத்துக்குப் போனது, மற்றது வீட்டிலேயே நின்றுவிட்டது.

முழுக்க நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. கண்டியில் தொடங்குகிற ஏ9 வீதியில் மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று ஏறிப் போனால் அது யாழ்ப்பாணத்தில் முடியும். அங்கிருந்து கொஞ்சத் தூரம் மானிப்பாய். 1847 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற 25 வயது டொக்டர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அமெரிக்க மிஷன் அனுப்பிய ஆள். அடுத்த வருஷம் மானிப்பாயில் வைத்தியத்தோடு வைத்தியம் படிப்பிக்கவும் தொடங்கினார். முதலில் இங்கிலீஷில்தான்.

பிறகு அவருக்கு ஒரு விஷயம் விளங்கியது. இங்கிலீஷில் படித்து முடித்தவர்கள் கிராமத்தில் நிற்பதில்லை. அரசாங்க உத்தியோகம், கை நிறையச் சம்பளம், கோட்டு சூட்டு என்று போய்விடுகிறார்கள். சொந்த ஊரில், சொந்தச் சனத்துக்குள்ளே இருந்து வைத்தியம் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொந்த மொழியில் படிப்பிக்க வேண்டும். நடுவில் சில வருஷம் அமெரிக்கா போய் 1862 இல் திரும்பி வந்த கிறீன், அதற்குப் பிறகு தமிழில் படிப்பித்தார். மாணவர்கள் வெள்ளைக்காரர் மாதிரி உடுப்புப் போடுவதையும் அவர் விரும்பவில்லை. 1873 இல் இலங்கையை விட்டுப் போவதற்குள் 60க்கும் மேற்பட்டவர்களைப் பயிற்றியிருந்தார். அவர்களில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

புத்தகம் வேண்டுமே. அவரும் அவருடைய மாணவர்களும் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். இரண வைத்தியம், அதாவது சத்திரசிகிச்சை. வைத்தியாகரம். இரசாயனத்துக்குக் கெமிஸ்தம். உடற்றொழிலியலுக்கு மனுஷ சுகரணம். 1872 இல் வந்தது மனுஷ அங்காதிபாதம். அதற்கு மூலம் வேறெதுவுமில்லை, கிரேயின் அனட்டமிதான். லண்டனில் வெளிவந்து 14 வருஷத்துக்குள் தமிழில்!

தலைப்பைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அங்காதிபாதம். தமிழ் விசேட பாடம் செய்கிற எங்களுக்கு உடனே பாதாதிகேசம், கேசாதிபாதம்தான் ஞாபகம் வரும். கடவுளையோ தலைவியையோ தலையிலிருந்து பாதம்வரை, பாதத்திலிருந்து கூந்தல்வரை உறுப்பு உறுப்பாக வருணிக்கிற மரபு. லண்டன் வறியவர் இல்லத்துப் பிரேதத்திலிருந்து பிறந்த புத்தகம் தமிழுக்கு வரும்போது இப்படி ஒரு பேரோடு வந்திருக்கிறது. கலைச்சொல்லுக்கு கிறீன் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்: முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு, அங்கும் இல்லையென்றால் இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. கெமிஸ்தம் என்ற சொல்லே மூன்றாவது வழியில் பிறந்து, தமிழுக்குள் வரும்போது வாலில் ஓர் அம் ஒட்டிக்கொண்டது. நல்ல சொல் என்று சிலர் சொல்ல, சகிக்கவில்லை என்று சிலர் சொல்ல, எங்களுக்குள் வாக்கெடுப்பே நடந்தது. சகிக்கவில்லை கட்சி தோற்றது.

கிறீனைப் புகழ்ந்து தள்ளுகிற எண்ணம் எங்களுக்கு இல்லை. அவர் மிஷனரி. வைத்தியம் என்பது அவருக்குச் சமயம் பரப்புகிற வழியும்கூட. அதை அவர் ஒளித்ததில்லை. ஆனால் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் 1884 இல் சாகும்வரை அங்கிருந்துகொண்டே தமிழ் மருத்துவப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தவர். கல்லறையிலும் தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்த ஆள் என்று எழுதச் சொன்னவர். 1967 இல் கவிஞர் அம்பி கிறீனின் அடிச்சுவடு என்ற புத்தகத்தை எழுதியிருக்காவிட்டால் நாங்களெல்லாம் இவர் பேரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

இனிக் கண்டிக்குத் திரும்புவோம். மனுஷ அங்காதிபாதம் அச்சான அதே 1872 இல் இலங்கை அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தோட்டப் பகுதிகளின் வைத்தியத் தேவைகளுக்கான கட்டளைச் சட்டம். அந்தக் காலத்தில் கண்டியைச் சுற்றிய மலையெல்லாம் கோப்பி. தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து கண்டிச் சீமைக்கு ஏறிய நம்ம பாட்டன் பூட்டன்மார் வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தார்கள். லயத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் விழுந்தார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்க்கத்தான் அந்தச் சட்டம், அதற்குத் தோட்டங்களிடமிருந்து பணமும். நல்லது. ஆனால் டொக்டர் எங்கிருந்து வருவார்? 1870 இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி திறந்தாகிவிட்டது. அங்கே படிப்பு இங்கிலீஷில்.

இந்த இரண்டு 1872 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு இந்தக் கட்டுரை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏ9 இன் ஒரு முனையில் தமிழில் உடம்பைப் படித்த வைத்தியர்கள், தமிழில் அச்சான கிரே. மறு முனையில் மலை முழுக்கத் தமிழில் மட்டுமே வலியைச் சொல்லத் தெரிந்த நோயாளிகள். நடுவில் ரோட்டு இருந்தது, சட்டமும் இருந்தது. ஒன்றையொன்று சேர்க்க வேண்டும் என்ற யோசனைதான் இல்லை. கிறீன் போன பிறகு தமிழ் வழி மருத்துவப் படிப்பும் நிலைக்கவில்லை. மானிப்பாயில் அவர் பேரில் வைத்தியசாலை இன்றும் இருக்கிறது. அந்தப் புத்தகங்களை இன்றைக்கு எந்த மருத்துவ மாணவரும் படிப்பதில்லை.

பேராதனையில் மருத்துவபீடம் 1962 இல் வந்தது, கொழும்புக்கு அடுத்ததாக நாட்டின் இரண்டாவது பீடம். அங்கும் இங்கிலீஷ்தான். இன்றைக்கு ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்திலிருந்து ஏ.எல். பயோ செய்து உள்ளே வருகிற பிள்ளை 13 வருஷம் தமிழில் படித்தவர். இதயத்திலிருந்து இரத்தம் போகிற குழாய் அவருக்கு நாடி, திரும்பி வருகிறது நாளம். இன்சுலின் சுரக்கிற உறுப்பு சதையி. கம்பஸுக்குள் காலடி வைத்ததும் அத்தனையும் ஒரே வாரத்தில் செத்துப்போய் ஆர்ட்டரி, வெய்ன், பான்கிரியாஸ் ஆகிவிடும். "மச்சான், எனக்குப் பாடம் தெரியும், ஆனா பேர் ஒன்னுமே தெரியல" என்று முதல் வருஷத்தில் ஒரு நண்பன் சொன்னான். பிரேதத்துக்கு முன்னால் நிற்கிற பயத்தைவிடப் பேரைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான் அவனுக்குப் பெரிதாக இருந்ததாம்.

உடனே தமிழிலேயே எம்.பி.பி.எஸ். வை என்று கோஷம் போடுகிற ஆட்களில்லை நாங்கள். 2022 இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் அனட்டமி உட்பட மூன்று பாடங்களுக்கு ஹிந்திப் புத்தகம் வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை, மேற்படிப்பு, வெளிநாட்டு வேலை எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறபோது அந்தப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்ற கேள்வி அங்கே எழுந்தது. நியாயமான கேள்வி. அதோடு நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது: எந்தத் தமிழ்? நமக்கு நாடி, சென்னைக்குத் தமனி. நமக்கு நாளம், அங்கே சிரை. நமக்குச் சதையி, அங்கே கணையம். போதாக்குறைக்கு வீட்டில் நாடி பிடித்துப் பார்ப்பது என்றால் அது வேறு அர்த்தம்.

ஆனால் டொக்டர் கடைசியில் பேசப் போவது யாரோடு? எங்களில் ஒருத்தியின் அம்மாயிக்குப் பித்தப்பையில் கல். கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர் அக்கறையாகத் தன் டெப்லெட்டை எடுத்து முப்பரிமாணப் படம் காட்டினார், திருப்பித் திருப்பி, கல்லீரலை ஒதுக்கிவிட்டு, பச்சை நிறத்தில் பித்தப்பையை மட்டும் தனியாக எடுத்து. அவர் பேசியது சிங்களமும் இங்கிலீஷும் கலந்து. படத்தில் எழுதியிருந்தது இங்கிலீஷ். அம்மாயி எல்லாத்துக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பேத்தியிடம் கேட்டார், "ஏம்புள்ள, அந்தப் பச்சையா இருந்தது என் வயித்துக்குள்ளயா இருக்கு, இல்ல வேற யாருதுமா?" சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. 70 வருஷம் கொழுந்துக் கூடை சுமந்த உடம்பு அது. அதைப் பற்றி அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. டொக்டர் கெட்டவர் இல்லை, படமும் கெட்டதில்லை. படத்தில் ஒரே ஒரு சொல் தமிழில் இருந்திருந்தால் பேத்தி வெளியே நின்றாலும் அம்மாயி உள்ளே வாசித்திருப்பார். மூன்றாம் வகுப்புவரை படித்தவர்தான்.

ஹெட்செட் பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் தேடினோம். அவுஸ்திரேலியாவின் பொண்ட் பல்கலைக்கழகத்தில் 59 பேரை மூன்றாகப் பிரித்து, மண்டையோட்டுப் பாடத்தை ஒரு குழுவுக்கு வீஆரிலும் ஒரு குழுவுக்கு ஏஆரிலும் ஒரு குழுவுக்குச் சாதாரண டெப்லெட்டிலும் படிப்பித்துப் பரீட்சை வைத்தார்கள். 2017 இல் வெளிவந்த முடிவு: புள்ளியில் பெரிய வித்தியாசமில்லை. வீஆர் போட்டவர்களுக்குத் தலையிடியும் தலைச்சுற்றும் கூட. ஆர்வம் கூடுகிறது என்பது உண்மை. அது சின்ன விஷயமில்லை, தூங்கி வழிகிற லெக்சருக்குள் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கருவி விலை கூடக்கூட அறிவும் கூடும் என்று நம்ப ஆதாரம் காணோம். மருத்துவபீட நண்பர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். கையுறைக்குள்ளாக நரம்புக்கும் நாடிக்கும் வித்தியாசம் தெரிவது, புத்தகத்தில் ஒரு இடத்தில் இருக்கிறது நிஜ ஆளில் அரை அங்குலம் தள்ளி இருப்பது, இதையெல்லாம் எந்தக் கண்ணாடியும் இன்னும் சரியாகத் தரவில்லை.

நிஜ ஆள் என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. முதல் கேள்விக்கு, யாருடைய உடம்பு என்பதற்கு, இலங்கை கொடுக்கிற பதில் லண்டனைவிட நல்ல பதில். இங்கே மருத்துவபீடங்களுக்கு உடம்புகள் பெரும்பாலும் தானமாக வருகின்றன. உயிரோடு இருக்கும்போதே விரும்பி எழுதிக் கொடுக்கிறார்கள். பௌத்தர்களுக்குத் தானம் என்பது பெரிய புண்ணியம். தன் உடம்பையே கொடுப்பது அதிலும் மேலானது. ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தானச் சங்கம் 1964 இலேயே சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பியது என்றால், அதற்கும் இந்த மனசுதான் காரணம். 1987 இல் இதற்கென்று மனித இழைய மாற்றுச் சட்டமும் வந்தது. உடம்பு கொடுத்தவர்களுக்காக மாணவர்களே பிரித் ஓதி அன்னதானம் கொடுக்கிற வழக்கமும் இருக்கிறது. தூக்குமேடையிலிருந்தும் வறியவர் இல்லத்திலிருந்தும் எவ்வளவு தூரம்! வெளிநாட்டு மென்பொருள் ஒன்றை வாங்கி இந்த இடத்தில் வைக்கும்போது, பேரையும் பிரித்தையும் எடுத்துவிட்டு ஜெர்னிகனையோ பேர் தெரியாத அந்த மேரிலாண்ட் பெண்ணையோ கொண்டுவந்து வைக்கிறோம் என்பதையாவது தெரிந்து வைக்கலாம்.

இரண்டாவது கேள்விக்குத்தான் எங்களிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கார்ட்டர் எழுதிய பேரை மாற்ற வேண்டுமென்றால் மரக்கட்டையைத் திரும்பச் செதுக்க வேண்டும். கிறீனுக்கு ஒரு புத்தகத்துக்கு வருஷக் கணக்கில் வேலை. ஏஆரில் பேர் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. இங்கிலீஷ் கோப்பைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம், இரண்டையும் ஒன்றாகவும் காட்டலாம்: மேலே பட்டெல்லா, கீழே முழங்கால் சில்லு. மாணவனுக்கு மேல் வரி, அம்மாயிக்குக் கீழ் வரி. நாங்கள் ஃபோனில் இறக்கிப் பார்த்த இலவச ஆப் ஒன்றில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. செய்ய முடியாததால் இல்லாமல் போகவில்லை, யாரும் உட்கார்ந்து எழுதிக் கொடுக்காததால்தான்.

அதனால் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். மனித உடம்பில் 206 எலும்பு. மருத்துவபீடத்து நண்பர்கள் இரண்டு பேர், நாங்கள் நாலு பேர், ஒரு எக்செல் ஷீட். முதல் நிரலில் லத்தீன், இரண்டாவதில் ஏ.எல். பாடப்புத்தகச் சொல், மூன்றாவதில் வீட்டுச் சொல். தலையும் நெஞ்சும் சுலபமாக முடிந்தன. மணிக்கட்டிலிருக்கிற எட்டுச் சின்ன எலும்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். மூன்றாவது நிரலுக்குத்தான் உங்களிடம் கேட்கிறோம். கமக்கட்டு என்று யாழ்ப்பாணத்து நண்பி சொல்கிறாள், கக்கம் என்று தலவாக்கலை நண்பன் சொல்கிறான், இரண்டையும் போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டில், உங்கள் தோட்டத்தில், உங்கள் ஊரில் காறை எலும்புக்கு, குதிகாலுக்குப் பின்னாலிருக்கிற நரம்புக்கு, விலாவுக்குக் கீழே குத்துகிற அந்த இடத்துக்கு என்ன சொல்வார்கள் என்று பாட்டி தாத்தாவிடம் கேட்டு, ஊர்ப் பேரோடு எழுதி அனுப்புங்கள். சொல் சரியா பிழையா என்று பார்க்க வேண்டாம், அவர்கள் சொல்கிற மாதிரியே அனுப்புங்கள்.